எஃப்.சி.க்கு முந்தின நாள்

“முடியல பாய்,” என்றான் ஏகாம்பரம். “வருஷா வருஷம் இந்த நாள் வந்தா உயிர் போய் உயிர் வருது. இந்தப் பயம் எனக்கு எப்பதான் போகும்?”

வகாப் பாய் தன் பட்டறையில் ஒரு டீசல் பம்ப்பைப் பிரித்து, அதன் சில்லறைச் சாமான்களை மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உக்காரு,” என்றார்.

ஏகாம்பரம் உட்காரவில்லை. நாளைக் காலை எஃப்.சி. இருக்கிறவனுக்கு உட்கார மனசு வராது.

எஃப்.சி. என்பது வண்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பரீட்சை. போக்குவரத்து அலுவலகத்து மைதானத்தில் வண்டியை நிறுத்தினால், இன்ஸ்பெக்டர் வந்து பிரேக், விளக்கு, டயர், தகரம் எல்லாவற்றையும் பார்ப்பார். புகைக்குத் தனியாகச் சான்று வேண்டும். எல்லாம் சரி என்றால், இது ரோட்டில் ஓடத் தகுந்த வண்டிதான் என்று ஒரு காகிதம் வரும்.

அந்தக் காகிதம் இல்லாத வண்டியை ஷூ கம்பெனி வாசலுக்குள் விடாது. ஏகாம்பரத்தின் வேன் பதினோரு வருஷமாகச் சுற்றுக் கிராமத்துப் பெண்களை அந்தக் கம்பெனிக்கு ஏற்றிப்போய் இறக்கிக்கொண்டிருந்தது. நாளை காகிதம் வரவில்லை என்றால் அந்த ஓட்டம் வேறொருவனுக்குப் போய்விடும். அதற்கு மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று கம்பெனி மேனேஜர் ரொம்ப இதமாகச் சொல்லியிருந்தார்.

வகாப் பாய் பம்ப் மெக்கானிக். அந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு அவர்தான் குரு. அவர் அதை ஒத்துக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. வாயைத் திறந்தால்தானே. ஏகாம்பரமும் அவரும் ஒரே வயசுதான். ஆனாலும் இவன் அவரை வாங்க போங்க என்பான், அவர் இவனை வா போ என்பார். வித்தை கையில் இருக்கிறவருக்கு அந்தச் சலுகை உண்டு.

“வண்டிக்கு என்னென்ன பண்ணியிருக்க?” என்று கேட்டார் பாய்.

“டயர் நாலும் மாத்திட்டேன்.”

“யாருது?”

“மச்சானுது. அவர் வண்டி ரெண்டு நாளா செங்கல் மேல நிக்குது.”

“தீ அணைக்கிற சிலிண்டர்?”

“ஸ்டாண்டுது.”

வேன் ஸ்டாண்டில் மொத்தம் பதினாலு வண்டி, ஒரே ஒரு சிவப்பு சிலிண்டர். யாருக்கு எஃப்.சி.யோ அவர் வண்டியில் அது ஏறிக்கொள்ளும். அந்த மைதானத்தில் அதிகத் தடவை பாஸான ஆசாமி அதுதான். அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று இதுவரை யாரும் அழுத்திப் பார்த்ததில்லை. பார்த்தால் காலியாகிவிடுமே.

“முதலுதவிப் பெட்டி?”

“அதுவும் ஸ்டாண்டுதுதான்.”

“பெயிண்ட்?”

“அது என்னுது,” என்றான் ஏகாம்பரம் கொஞ்சம் பெருமையாக.

உண்மைதான். மூன்று நாளாக, காலையில் பெண்களை இறக்கிவிட்டு வந்து, சாயங்காலம் திரும்ப ஏற்றப் போகிறவரைக்கும், துருப்பிடித்த இடமெல்லாம் தேய்த்துப் பட்டி பார்த்து, தானே பெயிண்ட் அடித்திருந்தான். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. சாப்பிட்டது எப்போது என்று கேட்டால் அவனுக்கே ஞாபகம் இல்லை.

“அப்ப எல்லாம் ஆச்சு,” என்றார் பாய்.

“புகை ஆகலையே.”

அதுதான் விஷயம். மற்ற எதையும் இரவல் வாங்கலாம், புகையை இரவல் வாங்க முடியாது. புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகி, ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கச் சொல்வார்கள். முன்பாவது ஓர் ஆள் பார்த்துச் சொன்னான், அவனிடம் பேசிப் பார்க்கலாம். இப்போது கம்ப்யூட்டர் பார்க்கிறது. அதனிடம் குடும்பக் கஷ்டத்தைச் சொல்ல முடியாது.

ஏகாம்பரத்தின் வேன் புகை தள்ளுவது ஊருக்கே தெரியும். பின்னால் வருகிற பைக்குக்காரன் ஒருவன் விடாமல் திட்டிக்கொண்டேதான் முந்திப் போவான். இன்ஜின் தேய்ந்துவிட்டது. இறக்கிப் பிரித்துச் சரிசெய்தால் பத்து நாள் வேலை. பத்து நாள் வண்டி நின்றால் ஓட்டம் போச்சு.

அதனால் வருஷா வருஷம் பாய் ஒரு காரியம் செய்துகொடுப்பார். பம்ப்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைக் கொஞ்சம் திருகி டீசலைக் குறைத்தால் புகை அடங்கிவிடும். கூடவே இழுவையும் அடங்கிவிடும். வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் மாதிரி மெதுவாக மைதானம் வரை போய், சான்று வாங்கிக்கொண்டு திரும்பி வரும். வந்ததும் ஸ்க்ரூ பழைய இடத்துக்கே போய்விடும்.

“அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறைச்சு வச்சிடுங்க பாய். போன வருஷம் மாதிரி.”

“வைக்கலாம்.”

“அவ்ளோதான். நாளைக்கு ஒரு நாள் தாண்டிட்டா நிம்மதி.”

“எது வரைக்கும்?”

“அடுத்த எஃப்.சி. வரைக்கும்,” என்றான். சொல்லும்போதே அவனுக்கு அலுத்துப்போயிற்று.

பாய் ஒரு சின்ன ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“அதான் பாய் கேக்கறேன். ஒரு தடவையாவது அந்த இன்ஸ்பெக்டர் முன்னாடி கை நடுங்காம நிக்கணும். அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேப்பேன்.”

பாய் ஸ்பிரிங்கைத் தட்டில் வைத்தார். பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். விரல் விரலாகத் துடைத்தார்.

“உன் வண்டியில எத்தனை சீட்டு?”

“பதினெட்டு. உங்களுக்குத் தெரியாததா?”

“அதுல எத்தனை சீட்டுல நீ உக்காந்திருக்க?”

இதென்ன கேள்வி என்று இருந்தது ஏகாம்பரத்துக்கு. ஆனாலும் யோசித்தான்.

“ஒண்ணுல.”

“சாவியைக் குடு.”

கொடுத்தான். பாய் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைப்பார் போலிருக்கிறது என்று நினைத்து, முன்பக்கம் அவருக்கு இடது கைப்பக்கம் ஏறப் போனான்.

பாய் தலையை ஆட்டினார். கட்டை விரலைப் பின்னால் காட்டினார்.

“பின்னாடியா?”

விரல் இன்னும் பின்னால் போயிற்று.

“கடைசியிலயா?”

பாய் வண்டியைக் கிளப்பினார்.

எதிர்த்துக் கேட்க ஏகாம்பரத்துக்குத் தெம்பில்லை. குனிந்து, சீட்டுக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனான். இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு தூரம் உள்ளே வந்ததே இல்லை. வெளியே கழுவுவது அவன் வேலை, உள்ளே கூட்டுவது பெண்கள் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருத்தி கூட்டிவிட்டுத்தான் இறங்குவாள். நம்ம வண்டிப் பெண்கள் மாதிரி வராது என்று ஸ்டாண்டில் பீற்றிக்கொள்வான். மற்ற வண்டியில் எல்லாம் சீட்டுக்குச் சண்டை, நம்ம வண்டியில் ஒரு சத்தம் கேட்டதுண்டா என்பான்.

கடைசியில் ஜன்னலோரம் ஆளுக்கொன்றாக இரண்டு சீட்டு. நடுவில் ஸ்டெப்னி டயர். இடது சீட்டின் கீழே சாக்கைச் சுருட்டிச் சுருட்டித் திணித்து வைத்திருந்தார்கள், கால் வைக்க இடமில்லை. அவன் வலது பக்கம் உட்கார்ந்தான்.

பாய் பாட்டைப் போட்டார். வண்டி நகர்ந்தது.

பைபாஸ் ஏறும்வரை ஒன்றும் தெரியவில்லை. குலுக்கல்தான் கொஞ்சம் அதிகம். முன்னால் ஒரு பள்ளத்தில் இறங்கினால் பின்னால் இரண்டு பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இருந்தது. ஏகாம்பரம் கண்ணை மூடினான். கொஞ்சம் தூங்கலாம் என்றுகூட நினைத்தான், பாவம்.

தோல் பதனிடுகிற ஷாப்பு தாண்டி மேம்பாலம். ஏற்றத்தில் பாய் மூன்றாவது கியரிலேயே வைத்து மிதித்தார். ஏகாம்பரமும் அப்படித்தான் மிதிப்பான்.

முதலில் வாசனை வந்தது. பிறகு கண் எரிந்தது. பிறகு தொண்டையில் யாரோ துணியைத் திணித்த மாதிரி ஆயிற்று. புகை பின்னாலிருந்து வரவில்லை, காலடியிலிருந்து வந்தது.

ஜன்னலைத் திறக்கப் போனான். கண்ணாடியை ஒரு பிளாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். எவ இப்படிக் கட்டி வச்சது என்று முனகிக்கொண்டே அவிழ்த்தான். கண்ணாடி தானாகச் சரிந்து திறந்தது. திறந்ததும் வெளியிலிருந்து இன்னொரு மடங்கு புகை உள்ளே வந்தது. அவசரமாக மூடி, அதே கயிற்றால், அதே இடத்தில் கட்டினான்.

அப்போதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.

முன் சீட்டுக் கம்பியில் நாலைந்து கைக்குட்டைகள் கட்டித் தொங்கின. ஒன்றைத் தொட்டான். காலையில் நனைத்தது, இன்னும் ஈரம் போகவில்லை. மூக்குப் படுகிற இடம் கறுத்திருந்தது. பக்கத்தில் ஓர் ஆணி. அதில் பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் பைகள், மடித்து மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருந்தன. எதற்கு என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் அவனுக்கே ஒன்று தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டான். எட்டுகிற தூரத்தில்தான் ஆணி அடித்திருந்தார்கள். இடது சீட்டின் கீழே சாக்கைத் திணித்திருந்தது எதை அடைக்க என்பதும் விளங்கியது.

வாயைத் துடைத்துக்கொண்டு, “பாய்,” என்று கூப்பிட்டான்.

பாட்டுதான் கேட்டது.

“பாய், நிறுத்துங்க.”

பாயின் தலை முன்னால் அசையாமல் இருந்தது. ஏகாம்பரம் வண்டித் தகரத்தில் தட்டினான். மறுபடி தட்டினான். உள்ளங்கையால் அறைந்தான். வண்டி பாலத்தின் மறுபக்கம் இறங்கி, டீக்கடை தாண்டி, திரும்புகிற இடத்தில்தான் நின்றது.

இறங்கிப் படியில் உட்கார்ந்து இருமினான். பாய் டீக்கடையிலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார்.

“தட்டினேனே பாய்.”

“கேக்கல.”

“கத்தினேன்.”

“பாட்டு ஓடுச்சு.”

“அவ்ளோ சத்தமா ஏன் வச்சீங்க?”

“நீ வச்சிருந்த அளவுதான்.”

ஏகாம்பரம் தண்ணீரைக் குடித்தான். பாதி சட்டையில் கொட்டியது.

“கம்பெனி எவ்ளோ தூரம்?” என்று கேட்டார் பாய்.

“இருபத்தெட்டு கிலோமீட்டர்.”

“நாம வந்தது?”

அவன் பாலத்தைத் திரும்பிப் பார்த்தான். “ஆறு இருக்கும்.”

அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், கையில் கிடைத்தவர் மேல் விழுந்தது.

“போன வருஷமும் நீங்கதானே பாய் ஸ்க்ரூவைக் குறைச்சுக் குடுத்தீங்க? அதுக்கு முந்தின வருஷமும் நீங்கதானே? அப்பல்லாம் என்னைக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கலையே.”

“அப்ப நானும் உக்காந்ததில்ல.”

“எப்ப உக்காந்தீங்க?”

“போன மாசம். ஒரு மவுத்துக்குப் போறதுக்கு உன் வண்டியைத்தான் பிடிச்சோம். எனக்குக் கிடைச்சது கடைசி சீட்டு.”

ஏகாம்பரத்துக்கு ஞாபகம் வந்தது. பத்துப் பதினைந்து பேர், போகும்போது யாரும் பேசவில்லை. துக்கத்தில் பேசாமல் வருகிறார்கள் என்று அவனும் சும்மா ஓட்டினான்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாய்.”

“தட்டினேன்,” என்றார் பாய்.

டீக்கடைக்காரர் சொம்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பாய் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் என்னவோ போலிருந்தது.

“அதுக்கு அப்புறமும் நாலு வண்டிக்கு ஸ்க்ரூவைத் திருகிக் குடுத்திருக்கேன்,” என்றார். “ராத்திரி படுத்தா அந்த நாலு வண்டியும் வந்து நிக்குது.”

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ஏகாம்பரம் கேட்டதில்லை.

திரும்பும்போது பாய் சாவியை நீட்டினார். ஏகாம்பரம் வாங்கவில்லை. மறுபடி பின்னால் போய் அதே இடத்தில் உட்கார்ந்தான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. இந்தத் தடவை பாட்டு இல்லை.

முன் சீட்டின் முதுகில் பேனாவால் என்னவோ எழுதியிருந்தது. வரும்போது கண்ணெரிச்சலில் பார்க்கவில்லை. குனிந்து படித்தான்.

திங்கள் முதல் சனி வரை கிழமைகள். ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டிரண்டு பெயர். அழித்து அழித்துப் பலமுறை எழுதிய பட்டியல். இந்த வாரம் முடிந்தால் அடுத்த வாரம் அதே கிழமைக்கு வேறு இரண்டு பேர். யாரும் விட்டுப்போகாமல், யாருக்கும் கூடுதலாக வராமல், கடைசி சீட்டு இரண்டையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டுக்குச் சண்டை வராததன் ரகசியம் அவன் கண்ணெதிரே இருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டாண்டில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து இன்னும் வெட்கமாக இருந்தது.

பெயர்களைப் படித்தான். பாதிப் பேரை அவனுக்குப் பெயர் சொல்லித் தெரியாது. தண்ணித்தொட்டி ஸ்டாப், ரேஷன் கடை ஸ்டாப் என்றுதான் தெரியும். புதன்கிழமையில் வசந்தா என்று ஒரு பெயர். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘நாலாவது மாசம், இவளுக்கு வேணாம்’ என்று எழுதி, கீழே சுகந்தி என்று போட்டிருந்தது. சுகந்திக்குத் திங்கள்கிழமையும் இருந்தது.

வண்டி பட்டறைக்கு வந்து நின்றது. ஏகாம்பரம் இறங்கச் சற்று நேரம் ஆயிற்று.

பாய் அதற்குள் பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பம்ப்பின்மேல் வைத்திருந்தார்.

“எவ்ளோ குறைக்கட்டும்?”

ஏகாம்பரம் பக்கத்தில் வந்து நின்றான். ஸ்க்ரூவைப் பார்த்தான். இத்தனூண்டு ஸ்க்ரூ. அரைச் சுற்றுப் போதும். நாளைக்கு மத்தியானத்துக்குள் காகிதம் கைக்கு வந்துவிடும். மச்சானுக்கு டயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஸ்டாண்டுக்கு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு படுத்தால், நாளைக் கழித்து வழக்கம்போல வண்டி.

“நீங்களே சொல்லுங்க பாய்.”

“நான் பம்ப் மெக்கானிக்.”

“ஓட்டம் போயிடும்.”

போகத்தான் போகும் என்று இருவருக்கும் தெரியும். ஸ்க்ரூடிரைவர் அதே இடத்தில் இருந்தது.

ஏகாம்பரம் அதை அவர் கையிலிருந்து வாங்கினான். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு தட்டில் போட்டான்.

“இன்ஜினை இறக்கிடுங்க,” என்றான். “கீழ அந்தப் புகைக்குழாயும் எங்கயோ விட்டிருக்கு. அதையும் பாருங்க.”

பாய் ஸ்பானர் பெட்டியை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

மணி நாலரை. கம்பெனியில் டீக்கு விடுகிற நேரம். ஏகாம்பரம் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அன்றைக்கு முதல் தடவையாக நிதானமாக உட்கார்ந்தான். செல்போனில் சுகந்தியின் நம்பரைத் தேடினான். அந்த வண்டிப் பெண்களில் அவனிடம் இருந்தது அவள் நம்பர் ஒன்றுதான். லீவு, தாமதம் எதுவானாலும் அவளிடம் சொன்னால் அவள் எல்லாருக்கும் சொல்லிவிடுவாள்.

“சொல்லுங்கண்ணா.”

“சாயங்காலம் ஸ்டாண்டுலேர்ந்து வேற வண்டி அனுப்பறேம்மா. நம்ம வண்டி பத்து நாளைக்கு வராது.”

“எஃப்.சி. நாளைக்குன்னீங்களேண்ணா?”

“காட்டப் போறதில்ல. இன்ஜினை இறக்கறோம்.”

“ஓட்டத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களேண்ணா.”

“தெரியும்மா.”

“உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையாண்ணா?”

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவன் வாயைத் திறந்தான். அது அவ்வளவு சுலபமாக வரவில்லை.

“இன்னிக்குக் கடைசி சீட்டுல உக்காந்து வந்தேம்மா,” என்றான். “பாலத்தைத் தாண்டி, டீக்கடை வரைக்கும்.”

அந்தப் பக்கம் பின்னால் யாரோ சிரிப்பதும், டம்ளர் வைக்கிற சத்தமும் கேட்டது.

“எந்தப் பக்கம்ணா?”

“வலது பக்கம்.”

“அது நல்ல பக்கம்ணா,” என்றாள் சுகந்தி.